கோயிலில்லாத வெள்ளைக்காரன்

அந்த வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு ஐறிஸ் ஹெப்டன் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் தபால்காரனின் மணி கேட்டது. தம்பி நோர்மன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். கடிதத்தை வாங்கி வாசல் கேற்றடியிலேயே நின்று பிரித்துப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான்.

அறுபத்திரண்டு வயது மனிதன் வெயிலில் தனியே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் எந்த அக்காவும் எட்டிப் பார்ப்பாள்.

"என்னடா?"

"வந்து சொல்றன் ஐறிஸ். முதல்ல ஒரு ஆள்ர முகத்தப் பாத்திட்டு வாறன்."

உள்ளே போய்ச் சட்டையும் காற்சட்டையும் மாட்டினான். கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிலிங்காய் மரத்தடியில் நின்ற சைக்கிளை உருட்டினான்.

"கேற்றத் தூக்கிச் சாத்து. இழுபட்டு நிலமெல்லாம் கோடு."

"பிணைச்சல மாத்துறன் எண்டு சொல்லிட்டன்தானே?"

"மூணு வருசமாச் சொல்றாய்."

அவன் கேற்றைத் தூக்கி, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அவள் திரும்பிப் போய் மீதி மாசியை இடித்தாள்.

அவ்வளவுதான். மறுநாள் காலை மீன் பிடிக்கப் போனவர்கள் வாவியின் மேற்குக் கரையில், தண்ணீருக்குள் நிற்கும் கண்ணாமரத்து வேருக்குள் கிடந்த நோர்மனின் உடலைத் தோணியில் ஏற்றி வந்தார்கள். சட்டைப் பையில் கடிதம் இல்லை. கைபேசி இல்லை. சைக்கிளையும் எங்கும் காணவில்லை.

கால் வழுக்கி விழுந்திருப்பார் என்றது பொலிஸ். ஐறிஸும் அதை நம்பத்தான் பார்த்தாள். பதினேழாம் நாள் சைக்கிள் திரும்பி வரும்வரை நம்பினாள்.

அன்று ஞாயிறு. வேதக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கேற்றைத் தூக்கித் திறந்தாள். பிலிங்காய் மரத்தடியில், எப்போதும் நிற்கிற அதே இடத்தில், அதே சாய்வில் சைக்கிள் நின்றது. இரண்டு சில்லுக்கும் காற்று நிறைய இருந்தது. காலையில் அவள் கூட்டிவிட்டுப் போன மணலில் கேற் இழுபட்ட கோடு இல்லை. வந்தவர் கேற்றைத் தூக்கித் திறந்து, தூக்கிச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்குள் நோர்மனின் மேசையில் குறிப்புக் கொப்பிகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

பொலிஸில் சொன்னாள். "அப்ப சைக்கிள் வீட்டிலதான் நிண்டிருக்கு ரீச்சர். கவலையில உங்களுக்கு மாறாட்டமாகியிருக்கும்" என்றார்கள். அந்தச் சொல் தெருவில் பரவியது. கடைக்காரர்கூட மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணிக் காட்டத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஐறிஸ் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுத்தான் உட்கார்ந்தாள். பின்மதிலில் வாவித் தண்ணீர் தட்டுகிற சத்தம் பிறந்த நாள் முதல் கேட்டது. இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் தலையைத் திருப்பினாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டிய குரல், கதவைத் திறக்குமுன் "ஆர்?" என்று ஒன்றுக்கு மூன்று தரம் கேட்டது.

பழைய மாணவி ஒருத்திதான் களுவாஞ்சிக்குடி சீதேவியின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள்.

*

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கேற் ஊர் முழுக்கக் கேட்கக் கத்தியது. சன்னல் சேலையை விரலளவு விலக்கிப் பார்த்தாள். திங்களன்று ஒருதரம் வந்து போன சீதேவி பருத்திச் சேலையில், அவளுக்குப் பின்னால் கேற்றோடு மல்லுக்கட்டும் ஒருவன். தெருவில் ஓட்டோ. அதற்குள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு யாரோ தூங்கினார்கள்.

"உங்கட கேற் என்ட ஓட்டோவ விடக் கத்துது ரீச்சர்" என்றான் ரிஸ்கான். காத்தான்குடிக்காரன். பத்து வருடம் புடவைக் கடையில் நின்றவன். இப்போது ஓட்டோ ஓட்டுகிறான், சீதேவிக்குக் கையாளாகவும் இருக்கிறான். "கள்ளனுக்கு இந்தக் கேற் போதும். நாய் வளக்கத் தேவையில்ல."

"ஓட்டோக்குள்ள ஆர்?"

"ஒரு சவாரி ரீச்சர். போற இடத்தச் சொல்லாம நித்திரயாகிட்டார்."

சீதேவி சிரிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் இருபத்தாறு வருடம் ரைப் அடித்தவள். அவர் கண்மூடிய பிறகு, காணாமற்போன உறுதிகளையும் காணாமற்போன கணவன்மாரையும் தேடிக் கொடுப்பது அவள் தொழில். இரண்டையும் ஒரே மாதிரித்தான் தேடுவாளாம். கடைசியாக யார் கையெழுத்து வைத்தார்கள் என்று பார்ப்பாளாம்.

"ரீச்சர், திரும்ப ஒருக்காச் சொல்லுங்க. நோர்மன் ஐயா என்னத்தத் தேடினவர்?"

ஐறிஸ் சொன்னாள். அவர்களுடைய வம்சத்தின் முதல் ஆள் யோசையா ஹெப்டன் என்ற வெள்ளைக்காரன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் வந்து, வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் தென்னந்தோட்டம் போட்டவன். போர்த்துக்கேய வழிவந்த பட்டணத்துப் பறங்கிப் பெண் மரியாவோடு வாழ்ந்தவன். ஊர் அவனைக் 'கோயிலில்லாத வெள்ளைக்காரன்' என்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருப்பானாம். பூசையும் இல்லை, பாட்டும் இல்லை. நோர்மன் ஐந்து கோயில்களின் பதிவேடுகளைப் பார்த்தான். செல்லரித்தது போக மிஞ்சிய பக்கங்களில் யோசையாவுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை.

"அதால எங்களக் கலியாணமில்லாமப் பிறந்த வம்சம் எண்டு நாலு தலைமுறையாச் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்தில எனக்கும் சொன்னாங்க." அவள் பைபிளுக்குள்ளிருந்து ஒரு பழைய தாளை எடுத்தாள். "குடும்பத்துக்கு மிஞ்சினது இது ஒண்டுதான்."

அது அரைத்தாள். மேல்பாதியைக் கறையான் தின்றிருந்தது. கீழ்ப்பாதியில் பதினொரு பேரின் கையெழுத்து. ஏழு ஆங்கிலம், இரண்டு தமிழ். எழுதத் தெரியாத இருவர், ஒருவர் மீனும் ஒருவர் தோணியும் கீறியிருந்தார்கள்.

"சாட்சியெல்லாம் இரிக்கி, சங்கதியக் காணல்ல" என்றான் ரிஸ்கான். "எங்கட மாமாட வழக்கு மாதிரி."

"இப்ப அந்தத் தோட்டத்தில ஹோட்டல் கட்டப் போறாங்க" என்றாள் ஐறிஸ். "யோசையாட கணக்குப்பிள்ளையின்ட சந்ததி எண்டு சிலபேர் வந்திருக்காங்க. அவங்கட பெட்டியில ஒரு பழைய சத்தியக்கடதாசி கிடந்ததாம். தனக்கும் மரியாவுக்கும் கலியாணம் நடக்கல்ல, தோட்டத்தக் கணக்குப்பிள்ளைக்குக் குடுத்திட்டன் எண்டு யோசையாவே எழுதினதாம். திவாகரன்தான் கொண்டுவந்து காட்டினவர்."

"திவாகரன் எப்படிப் பழக்கம் எண்டும் ஒருக்காச் சொல்லுங்க."

"பழைய காணி உறுதியெல்லாம் தேடி எடுத்துக் குடுக்கிறவர். ரெண்டு வருசமா நோர்மனுக்கு உதவி. செத்தவீட்டில மூணு நாளும் நிண்டவர். இப்பவும் பின்னேரம் பின்னேரம் வந்து, தனிய இருக்காதீங்க ரீச்சர், கையெழுத்த வச்சுக் குடுத்திட்டு டெனீஸிட்டப் போங்க எண்டு சொல்லுவார். டெனீஸ் எங்கட பெறாமகள், கூடப்பிறந்ததின்ட பிள்ளை. மெல்பேர்னில இருக்கிறாள். இண்டைக்கு நாலு மணிக்குத்தான் கடதாசியோட வாறார்."

கையெழுத்து வைத்தால் யோசையாவின் வாரிசுகளுக்குத் தோட்டத்தில் உரிமையில்லை என்று ஆகிவிடும். வைக்காவிட்டால்? அவள் சன்னல் வழியே சைக்கிளைப் பார்த்தாள். பயம் அவளை அந்தக் கையெழுத்துவரை கொண்டுவந்து விட்டிருந்தது.

"நான் வைக்கத்தான் போறன்" என்றாள் மெதுவாக. "என்னால இந்த வீட்டில இனி இருக்கேலாது. நோர்மன் எப்படிச் செத்தான் எண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும்."

அந்நேரம் ரிஸ்கானின் கைபேசி முனகியது. அவன் பார்த்தான். முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

"அக்கா. இங்கிலாந்து."

*

முதல் சந்திப்பிலேயே சீதேவி வீட்டை அலசி ஒரேயொரு பொருளை எடுத்துப் போயிருந்தாள். நோர்மன் இங்கிலாந்துக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு. அந்த விலாசம் ஒரு பழைய நூலகம். அவருக்கு நீங்கள் எழுதிய பதிலின் பிரதியை அனுப்ப முடியுமா என்று கேட்டு மின்னஞ்சல் போட்டிருந்தாள். அதற்குத்தான் பதில்.

ஐறிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். வாசிக்க வாசிக்கத் தமிழில் சொன்னாள்.

"யோசையா ஹெப்டன் எங்கட அங்கத்தவர் பதிவில இருக்கிறார். இலங்கைக்குப் போனவர் எண்டு குறிச்சிருக்கு. அவர் குவேக்கர் எண்ட கிறிஸ்தவ சபையாள்." அவள் நிமிர்ந்தாள். "குவேக்கர்களுக்குப் பாதிரி இல்லையாம். ஞானஸ்நானமும் இல்ல. கூடி மௌனமா இருக்கிறதுதான் அவங்கட வணக்கமாம். கலியாணம் எண்டா சபைக்கு நடுவில மாப்பிளையும் பொம்பிளையும் எழும்பி நிண்டு தாங்களே சொல்லுவாங்களாம். அதுக்குப் பிறகு வந்திருக்கிற அத்தனை பேரும்…" அடுத்த வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

"அத்தனை பேரும்?"

"கையெழுத்து வைப்பாங்களாம்."

மூன்று பேரும் அந்த அரைத்தாளைப் பார்த்தார்கள். பதினொரு பேர், ஒரு மீன், ஒரு தோணி.

"அப்ப கலியாணம் நடந்திருக்கு" என்றாள் ஐறிஸ். இருபத்து மூன்று நாளில் முதற்தடவையாக அவள் கதிரையைச் சுவரிலிருந்து முன்னுக்கு இழுத்தாள்.

"கடைசி வரி என்ன ரீச்சர்?" என்றாள் சீதேவி.

"நீங்கள் அனுப்பிய சத்தியக்கடதாசி விடயத்தில் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. குவேக்கர்கள் சத்தியம் செய்வதே இல்லை. நீதிமன்றத்திலும் உறுதி மட்டும்தான் கூறுவார்கள். அதற்காகச் சிறைக்கும் போயிருக்கிறார்கள்."

சீதேவி தன் கைபேசியைத் திறந்தாள். நோர்மன் அந்தச் சத்தியக்கடதாசியைப் படமெடுத்து டெனீஸுக்கு அனுப்பியிருந்தான். சாவதற்கு ஒரு மாதம் முந்திய படம். சீதேவி அதை டெனீஸிடமிருந்து வாங்கி வைத்திருந்தாள். "மூணாவது வரி."

ஐறிஸ் வாசித்தாள். "யோசையா ஹெப்டன் என்னும் கிறிஸ்தவனாகிய நான், வேதப்புத்தகத்தை முத்தமிட்டு, சத்தியம் செய்து சொல்லுவதாவது…"

"இது யோசையா எழுதினதில்ல" என்றாள் சீதேவி. "ரைப் அடிக்கிற ஆள் எழுதினது. இருபத்தாறு வருசம் நான் அடிச்சிருக்கன். ஆள் இந்துவெண்டா, முஸ்லிமெண்டா, பௌத்தமெண்டா உறுதிகூறி எண்டு அடிக்கோணும். கிறிஸ்தவமெண்டாச் சத்தியம் செய்து. கை தன்ர பாட்டில போகும், மூளைக்கு வேலயில்ல. வெள்ளைக்காரன், கிறிஸ்தவன், போடு சத்தியத்த. எங்கட ஊர் நொத்தாரிசு கந்தோர்ப் பழக்கம் கள்ளக்கடதாசிக்கயும் வந்திட்டு."

"அப்ப நான் சத்தியமே பண்ணத் தேவையில்லையா?" என்றான் ரிஸ்கான். "கலியாணம் முடிச்ச நாளில இரிந்து வீணாப் பண்ணிட்டு வாறன்."

ஐறிஸ் சிரித்தேவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. நோர்மன் கேற்றடியில் நின்று சிரித்தது இதற்குத்தான்.

"பாவம் திவாகரன். அவரையும் ஏமாத்திட்டாங்க. வந்தவுடன சொல்லோணும்."

"என்ன சொல்லோணும் ரீச்சர்?"

கேட்டது சீதேவி இல்லை. வாசலில் திவாகரன் நின்றார். கையில் பொலித்தீன் பையில் சுடச்சுட ரோல்ஸ், கக்கத்தில் கோப்பு.

கேற் சத்தம் கேட்கவில்லை.

இரண்டு வருடமாக அது கேட்டதில்லை. நல்ல பழக்கமுள்ள மனிதர் என்று ஐறிஸ் நினைத்திருந்தாள். இப்போது முற்றத்து மணலைப் பார்த்தாள். சீதேவியும் ரிஸ்கானும் வந்தபோது கேற் கீறிய அரைவட்டம் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது இல்லை.

வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே சீதேவியின் குதி அவள் கால்விரலை அழுத்தியது.

"ரோல்ஸ் மணக்குது எண்டு சொல்லோணுமாம்" என்றான் ரிஸ்கான். பையை வாங்கிக்கொண்டான்.

"இவங்க சாட்சிக்கு வந்தவங்க" என்றாள் ஐறிஸ். தன் குரல் யாரோ பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டது.

"நல்லதாப் போச்சு." திவாகரன் அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை அவள் பக்கம் உருட்டினார். "மூலக் கடதாசிய முதல்ல வாசிக்கிறன். அது உண்மை எண்டு நீங்க ஏத்துக்கொள்ளுறதாத்தான் கையெழுத்து. ஆறு வரிதான். நாளைக்கே நீங்க டெனீஸிட்டப் போகலாம்."

ஆங்கிலத்தில் வாசித்தார். பொறுமையான, செத்தவீட்டில் தேவாரம் படிக்கிற மாதிரியான குரல். ஐறிஸ் பேனாவைப் பிடித்திருந்தாள். முதல் வரி போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் முத்தம் வரவில்லை. வேதப்புத்தகமும் வரவில்லை. 'பயபக்தியோடும் உண்மையோடும் உறுதிகூறிச் சொல்லுவதாவது' என்று வந்தது.

அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.  

"ஐயா" என்றாள் சீதேவி. "அந்த மூணாவது வரிய இன்னொருக்கா?"

அவர் வாசித்தார்.

"சுபஹானல்லா" என்றான் ரிஸ்கான், வாய் நிறைய ரோல்ஸோடு. "மௌத்தாகி நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு வெள்ளக்காரன் போன மாசம் திருந்தியிரிக்கான்."

திவாகரன் அவனைப் பார்த்தார். பிறகு சீதேவி நீட்டிய கைபேசியைப் பார்த்தார். அதே கடதாசி, அதே தேதி, அதே கையெழுத்து. மூன்றாவது வரி மட்டும் வேறு.

"இது… ஆரிட்ட இருந்தது?"

"அது கிடக்கட்டும். நோர்மன் ஐயாவக் கடைசியா எப்ப கண்டீங்க?"

"பொலிஸில சொல்லியிருக்கன். அதுக்கு முந்தின திங்கள்."

"யோசையா சத்தியம் செய்யமாட்டார் எண்ட விசயம் இந்த வீட்டுக்கு வந்தது வியாழன் ரெண்டு மணிக்கு. ரீச்சருக்குக்கூடச் சொல்லாம அவர் சைக்கிளெடுத்தவர். கடிதம் அவரோட போனது. மறுநாள் விடியப் பிரேதம்தான் வந்தது. இந்தப் பிழையத் திருத்த அந்தக் கடிதத்தக் கண்ட ஒரேயொரு ஆளாலதான் ஏலும்." சீதேவி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "அதே பிழையோட கொண்டு வந்திருந்தா நீங்க தப்பியிருப்பீங்க ஐயா. திருத்தினதாலதான் மாட்டினீங்க."

வாவி மதிலில் மூன்று தரம் தட்டியது.

திவாகரன் எழுந்தான். ஐறிஸ் பின்னால் நகர்ந்தாள். கதிரைக்குப் பின்னே சுவர் இல்லை, அவள்தானே முன்னுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். அவன் கை நீண்டு வந்து கடதாசியின் மேலும் அவள் கையின் மேலும் அழுந்தியது. குளிர்ந்த கை. செத்தவீட்டில் மூன்று நாளும் அவள் தலையைத் தடவிய கை.

"நான் தள்ளல்ல ரீச்சர்" என்றான். "என்ட வீட்டுப் படித்துறையில நிண்டு கடிதத்த வாசிச்சுக் காட்டினார். சிரிச்சார். உன்னால ஒரு கிறிஸ்தவனக்கூட ஒழுங்காச் செய்யேலாதாடா எண்டு சிரிச்சார். நான் பறிச்சன். அவர் பின்னுக்குப் போனார், பாசி. விழுந்தும் முதல்ல சிரிச்சுக்கொண்டுதான் இருந்தார்."

ரிஸ்கான் ரோல்ஸ் பையைக் கீழே வைத்தான்.

"நான் கைய நீட்டியிருந்தா எட்டியிருக்கும்" என்றான்.

ஐறிஸ் தன் கையை அவன் கைக்குக் கீழிருந்து இழுத்தெடுத்தாள். அதற்கு இருந்த பலம் முழுவதும் வேண்டியிருந்தது.

திவாகரன் வாசலுக்குத் திரும்பினான். அங்கே ஓட்டோவில் தூங்கிய சவாரி, கேற்றைத் தொடாமல் மதிலேறி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

"போற இடத்த இப்பதான் சொல்றார் ரீச்சர்" என்றான் ரிஸ்கான். "பொலிஸ் நிலையமாம். இவர் எஸ்.ஐ. நிதுர்ஷன். மாறாட்டம் எண்டு சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கவும் வந்தவர்."

எஸ்.ஐ. அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தார்.

"எனக்குச் சந்தேகம் வந்தது கேற்றால" என்றாள் சீதேவி, கோப்பைக் கட்டிக்கொண்டே. "கோடு விழாம வந்து போகத் தெரிஞ்ச ஆள் இந்த ஊரில எத்தனை பேர்? சைக்கிளத் தன்ர வளவுக்க வச்சிருக்க அவனுக்குப் பயம். இஞ்ச கொண்டுவந்து விட்டா நோர்மன் ஐயா எங்கயும் போகல்ல எண்டு ஆகும். உங்களுக்கும் பைத்தியம் எண்டு ஆகும்."

எல்லோரும் போனார்கள். போகிற அவசரத்தில் கேற்றை இழுத்துக்கொண்டு போனார்கள். அது கத்தியது. ஓட்டோச் சத்தம் தெரு முனையில் ஓய்ந்தது.

ஐறிஸ் அரைத்தாளைப் பைபிளுக்குள் வைத்தாள். ஆறிப்போன ரோல்ஸை எடுத்துக் குப்பையில் போட்டாள். பின்மதிலில் தண்ணீர் தட்டியது. தலையைத் திருப்பினாள். பயம் போய்விடவில்லை. அதற்கு இப்போது ஒரு முகம் இருந்தது, அவ்வளவுதான்.

முற்றத்தில் இறங்கினாள். மணலில் இரண்டு அரைவட்டக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. கேற் ஆவென்று திறந்து கிடந்தது. ஒரு கையால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

கேற்றை இன்றைக்கும் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது.